மாமியாரைக் கடித்த நாய்

மாமியாரைக் கடித்த நாய்க்கு மறுநாளே பால் ஊற்றிய மருமகள் என்று எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் என்னைக் கேலி செய்வார்கள். கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் போதும், யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். நான் ஊற்றியது பால் இல்லை, கேப்பைக் கூழ். மற்றபடி அவர்கள் சொல்வது உண்மைதான்.

கேலி முடிந்ததும் பேச்சு எப்போதும் ஒரே இடத்துக்குப் போகும். நாய் கடிப்பது அதன் பிறப்பாலா, வளர்த்தவனாலா? ஆளுக்கு ஒன்று சொல்லுவார்கள். அவரவர் வீட்டு நாயை விட்டுக்கொடுக்காமல் சொல்லுவார்கள். நான் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன். திறந்தால் அது நாய்க் கதையோடு நிற்காது.

அறுபதுகளின் தொடக்கம். நாங்கள் விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் கணவர் கூட்ஸ் வண்டியில் கார்டு. வண்டியின் கடைசியில் இருக்கும் பிரேக் வேனில் தனியாக உட்கார்ந்து ஊர் ஊராகப் போகிற வேலை. மனுஷர் துணை இல்லாத வேலை என்பதாலோ என்னவோ, வழியில் உள்ள எல்லா ஸ்டேஷன் நாய்களும் அவருக்குப் பழக்கம். என்னிடம் சிரிப்பதற்கு யோசிப்பார். நாயைப் பார்த்தால் யோசிக்க மாட்டார்.

ஒரு நாள் காலையில் டூட்டி முடித்து வந்தவர் கையில் ஒரு கயிறு இருந்தது. கயிற்றின் மறுமுனையில் செம்பழுப்பாக ஒரு நாய். முகவாய் மட்டும் கரி பூசினாற்போல் கருப்பு. காது இரண்டும் அடியோடு அறுக்கப்பட்டிருந்தன. குட்டியில் காதை அறுத்தால் நாய்க்கு ரோஷம் வரும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு.

"இன்னாங்க இது?"

"பாத்தா தெரியல? நாயி."

"எனக்குக் கண்ணு தெரியுது. எதுக்கு இங்க வந்துதுன்னு கேக்கறேன்."

"திண்டிவனத்துல மல்லாட்டை மில்லு ஒண்ணு இருக்குது இல்ல, அங்க ஒருத்தனைக் கடிச்சிடுச்சாம். சோத்துல மருந்து வெச்சிடப் போறோம்னாங்க. மனசு கேக்கல. வேன்ல போட்டு இட்டுக்கினு வந்துட்டேன்."

"கடிச்ச நாயா பாத்துதான் இட்டுக்கினு வருவீங்களா?"

"நாயி மேல தப்பு இல்ல. வெச்சிருந்தவன் மேல தப்பு. கட்டியே போட்டு அடிச்சிக்கினு இருந்தா நீகூடத்தான் கடிப்ப."

கட்டிப் போடாமலே நான் கடிப்பேன் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தையை நான் மனதில் வைத்துக்கொண்டேன். நாய் மேல் தப்பு இல்லை, வெச்சிருந்தவன் மேல் தப்பு. அவர் அவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை.

அது கோம்பை ஜாதி நாய். தெற்கேயிருந்து வரவழைத்தது என்று மில் முதலாளி பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். எங்களிடம் வந்த பிறகு அது யாரையும் கடிக்கவில்லை. பெயர் என்ன என்று தெரியாததால் "டேய்" என்றே கூப்பிட்டோம். அதற்கே வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. தபால்காரரைப் பார்த்துக் குரைக்கும், அவர் அதட்டினால் என் பின்னால் வந்து ஒளிந்துகொள்ளும். இதற்கா ஊரே பயந்தது என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

என் மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு ஊர் அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சொந்த நிலம், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையும் கேப்பையும் போடுவார்கள். மாட்டுக்குச் சுழி பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எந்தச் சுழி இருந்தால் மாடு குடும்பத்துக்கு ஆகாது, எது இருந்தால் ஏரில் படுத்துவிடும் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். சந்தைக்குப் போகிறவர்கள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். மாசி மாதம் எங்களைப் பார்க்க வந்தபோது, தூங்கிக்கொண்டிருந்த நாயின் பக்கத்தில் உட்கார்ந்து கால் நகங்களை எண்ணினார். வாயைப் பிளந்து அண்ணத்தைப் பார்த்தார். நாயும் கொட்டாவி விட்டுக்கொண்டு காட்டியது.

"மேவா கருப்பு. இருவது நகம். இது கடிக்கவே பொறந்த நாயி. என்னிக்கி இருந்தாலும் கடிக்கும், பாத்துக்கினே இரு" என்றார். நாய் அவர் கையை நக்கிவிட்டு மறுபடியும் தூங்கப் போனது.

இந்தக் கதை நாயோடு நிற்காது என்று சொன்னேனே, அதற்கு இப்போது வருகிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. திண்டிவனத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டரம்மா இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கே போய்க்கொண்டிருந்தேன். மருந்தும் மாத்திரையுமாக வருஷம் போனதுதான் மிச்சம். அந்த வருஷம் மழைக்காலம் தொடங்கும் நேரத்தில், அங்கே இருந்த நர்சம்மா என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு பெண் குழந்தையைக் காட்டினார். பெற்றவள் விட்டுவிட்டுப் போய்விட்டாள். எடுத்து வளர்க்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மடியில் வாங்கினேன். அது என்னை ஒரு தரம் முறைத்துப் பார்த்தது. பிறகு என் புடவையை நனைத்துவிட்டது. ஈரத்தோடே பஸ் ஏறி விழுப்புரம் வந்து சேர்ந்தேன். வீட்டுக்கு வந்தும் புடவையை மாற்ற மனம் வரவில்லை. எனக்கு அந்தக் குழந்தை வேண்டும். வேறு எதற்கும் நான் வாழ்க்கையில் அப்படி ஆசைப்பட்டது கிடையாது.

"யோசிச்சி சொல்லுங்க. இன்னொரு குடும்பமும் கேட்டுக்கினு இருக்காங்க. கார்த்திகை தாண்டுச்சின்னா என்னால வெச்சிருக்க முடியாது" என்று நர்சம்மா சொல்லியிருந்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். பிசைவதை நிறுத்தவே இல்லை.

"யாரு பெத்ததோ, எந்தத் தெருவோ. வளந்து நின்னப்புறம் எந்த ரத்தம் இன்னா பண்ணும்னு யாரு கண்டா?"

கரண்டியால் வாசற்படியில் படுத்திருந்த நாயைக் காட்டினேன். "அத்த இட்டுக்கினு வந்தன்னிக்கி இன்னா சொன்னீங்க?"

"அது நாயி."

"நாயிக்கு ஒரு நியாயம், கொழந்தைக்கு ஒரு நியாயமா?"

அவர் எழுந்துவிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "அம்மா ஒத்துக்கினா எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். கெட்ட பெயரைத் தூக்கி அம்மா தலையில் வைத்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பிவிட்டார். அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போகிற வழியில் ஊர்க்காரர் ஒருவரிடம் அம்மாவை வரச் சொல்லி அனுப்பினார். விஷயத்தையும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மாமியார் வந்த அன்று ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அப்போது குடை வைத்திருந்தவர்கள் ரொம்பக் குறைவு. கோணிச் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளி, கூம்பாக்கித் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். முதுகு, இடுப்பு வரைக்கும் நனையாது. கொங்காணி என்போம். மாமியாரும் அப்படித்தான் கொங்காணி போட்டுக்கொண்டு, இடுப்பில் மல்லாட்டைப் பையோடு படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

நான் அடுப்படியில் இருந்தேன். நாய் குரைத்த சத்தமே கேட்கவில்லை. மாமியாரின் அலறல்தான் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், நாய் அவர் முன்னங்கையைக் கவ்விக்கொண்டு விடாமல் உலுக்கிக்கொண்டிருந்தது. கையில் கிடைத்த முறத்தால் அதன் தலையில் மாறி மாறி அடித்தேன். சாக்கு நழுவிக் கீழே விழுந்தது. நாய் பிடியை விட்டுவிட்டு, மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் வாலைக் காலுக்குள் நுழைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

ரத்தம் மழைத் தண்ணீரோடு வாசல் முழுக்க ஓடியது. மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த வலியிலும் என்னை நிமிர்ந்து பார்த்து, "நான் சொன்னேன் இல்ல?" என்றார். குரலில் ஒரு திருப்தி இருந்தது.

கவர்மெண்டு ஆஸ்பத்திரி டாக்டர் காயத்தைக் கழுவித் தைத்தார். எலும்புவரை போயிருக்கிறது என்றார். தொப்புளைச் சுற்றித் தினம் ஒரு ஊசி என்றார். மாமியார் அதற்குக்கூடக் கலங்கவில்லை.

"அந்த நாய அடிச்சிக் கொன்னுட்டு வரச் சொல்லு" என்றார் என்னிடம்.

"அதை மட்டும் செஞ்சிடாதீங்க" என்று டாக்டர் பதறினார். "நாயைக் கட்டிப் போட்டு, நல்லா சாப்பாடு குடுத்து, பத்து நாள் பாருங்க. நல்லா இருந்துதுன்னா அதுக்கு வெறி இல்லைன்னு அர்த்தம், ஊசியை நிறுத்திடலாம். செத்துடுச்சின்னா உங்களுக்குத்தான் ஆபத்து."

ஆகவே மாமியார் எங்கள் வீட்டிலேயே தங்க வேண்டியதாயிற்று. நாய் பின்கட்டில் கொய்யா மரத்தில் சங்கிலியோடு. அன்று சாயங்காலம் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மாமியார் தீர்ப்புச் சொன்னார்.

"பத்து நாளு போவட்டும். அப்புறம் அந்த நாயி இங்க இருக்கக் கூடாது. அந்தக் கொழந்தைப் பேச்சும் இருக்கக் கூடாது. நேத்து வரைக்கும் வாலாட்டிக்கினு இருந்தது இன்னிக்கிக் கடிச்சிது பாத்த இல்ல? சோறு போட்டா மட்டும் பொறப்பு மாறிப்புடுமா?"

என் கணவர் தலையை ஆட்டினார். அவரே கொண்டுவந்த நாய், அவரே சொன்ன நியாயம். இரண்டையும் ஒரே தலையாட்டலில் தள்ளிவிட்டார். எனக்கு மாமியார் மேல் கோபம் வரவில்லை, கையில் அவ்வளவு பெரிய கட்டு. நாய் மேல் கொஞ்ச நேரம் வந்தது, அதுவும் போய்விட்டது. கணவர் மேல் வந்ததுதான் போகாமல் நின்றது. முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். கார்த்திகை பிறக்க அதிக நாள் இல்லை.

மறுநாள் காலையில் நாய் எதையும் தொடவில்லை. சுருண்டு படுத்துக்கொண்டு, போட்ட சோற்றைப் பார்க்காமல் இருந்தது. மாமியார் அடுப்படி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"துன்னுச்சா?"

"இல்ல அத்தை."

"ஏன் துன்னல? இன்னாத்துக்குத் துன்னல?" கழுத்தை இன்னும் நீட்டினார். "ஐயையோ, கண்ணு ஒரு மாதிரியா இருக்குதே. கேப்பைக் கூழு கரைச்சி ஊத்து. மோரு நெறைய ஊத்து. மல்லாட்டைய நசுக்கிப் போடு. என் உசுரு அதோட வவுத்துல இருக்குது, நின்னுக்கினு இருக்கிறியே!"

ஜல்தி ஜல்தி என்று விரட்டி, அவர் கொண்டுவந்த மல்லாட்டையையே நசுக்கிப் போடச் சொன்னார். அப்படித்தான் மாமியாரைக் கடித்த நாய்க்கு மருமகள் கூழ் ஊற்றினாள். ஊற்றச் சொன்னது யார் என்பதைச் சொந்தக்காரர்கள் கேட்பதே இல்லை.

அதற்குப் பிறகு மாமியாருக்கு அதுவே வேலையாகிவிட்டது. விடிந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் நாயைப் பார்ப்பார். தண்ணீர் குடித்ததா, குடிக்கும்போது தொண்டையில் சிக்கியதா, வாயில் நுரை இருக்கிறதா? முதலில் வாசற்படியிலிருந்து. அடுத்து துணி துவைக்கும் கல்லிலிருந்து. பிறகு தட்டை ஒரு குச்சியால் தள்ளிக் கொடுத்தார். கடைசியில் குச்சியையும் காணோம்.

"கடிச்ச வாயால துன்னு. நல்லாத் துன்னு. உனக்கு இன்னா, ஊசி எனக்குத்தானே" என்று திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நாய் காது அறுந்த தலையை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு, எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டு சாப்பிடும்.

ஒரு நாள் மழை விட்டு வெயில் அடித்தது. ரத்தக் கறையோடு கிடந்த அந்தக் கோணிச் சாக்கைத் துவைத்துக் கொடியில் போட்டேன். போட்டதுதான் தாமதம், நாய் மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டது. அடித்தொண்டையில் உறுமியது. உடம்பு முழுக்க மயிர் சிலிர்த்து நின்றது. நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது.

"வெறி புடிச்சிடுச்சி! போச்சி, என் கதை முடிஞ்சிது!" என்று மாமியார் சுவரில் சாய்ந்துவிட்டார்.

நான் சாக்கை எடுத்துச் சுருட்டினேன். நாய் மெதுவாக அடங்கியது. மறுபடியும் விரித்துக் காட்டினேன். மறுபடியும் உறுமல். மாசி மாதம் இதே மாமியார் இதன் வாயைப் பிளந்து பார்த்தாரே, அப்போது கடிக்கவில்லையே? சாக்கைக் கொங்காணியாக மடித்து என் தலையில் போட்டுக்கொண்டு நாயைப் பார்த்து நடந்தேன்.

"ஏ பொண்ணு! பைத்தியமா உனக்கு?" என்று மாமியார் கத்தினார்.

சங்கிலி அறுந்துவிடும் போல நாய் என் மேல் பாய்ந்தது. ஒரு முழம் தள்ளித்தான் சங்கிலி அதை நிறுத்தியது. அந்தப் பற்களை அவ்வளவு பக்கத்தில் அதுவரை நான் பார்த்ததில்லை. "டேய்" என்றேன். "டேய், நான்தான்டா."

அது திணறிப்போயிற்று. குரல் என்னுடையது, உருவம் வேறு. உறுமலும் முனகலும் மாறி மாறி வந்தன. பிறகு அப்படியே தரையில் படுத்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டது. அடிவாங்கப் போகிறவர்கள்தான் அப்படி மூடிக்கொள்வார்கள். நான் சாக்கை வீசிவிட்டு அதைக் கட்டிக்கொண்டு அழுதேன். இத்தனை நாளும் அதற்குக் கோபம் என்று நினைத்திருந்தோம். அது பயம்.

மாமியார் மெதுவாக வந்து எதிரில் குந்தினார். நாயின் அறுந்த காதைக் கட்டில்லாத கையால் தடவினார்.

"அந்தச் சாக்கப் போட்டுக்கினு எவனோ அடிச்சிருக்கான்" என்றார். மறுபடியும் தடவிவிட்டு, "குட்டியிலியே" என்றார்.

அடுத்த டூட்டியில் திண்டிவனம் கூட்ஸ் ஷெட்டில் என் கணவர் மூட்டை தூக்குகிறவர்களைக் கேட்டாராம். அவர்கள் ஒளிக்கவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்களாம். களத்தில் காயும் மல்லாட்டையை மழைநாளில் திருட வருகிறவர்கள் முகம் தெரியாதபடி கொங்காணி போட்டுக்கொண்டுதான் வருவார்கள். அவர்களைப் பிடிக்க வேண்டுமே என்று, ஓர் ஆளுக்குக் கொங்காணி போட்டுவிட்டுக் குட்டியைத் தினமும் தடியால் அடிக்க வைத்தார் முதலாளி. அடித்து முடித்ததும் அவரே வெறுந்தலையோடு வந்து கறி போடுவார். நன்றாகத்தான் பழகியது. ஒரு நாள் திடீர்த் தூறலில், மூட்டை தூக்குகிற ஆள் ஒருவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். அவரைத்தான் நாய் கடித்தது. திருடனுக்கும் வேலைக்காரனுக்கும் சாக்கு ஒன்றுதான் என்பது முதலாளிக்குத் தோன்றவில்லை.

நான் பிறப்பில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எலும்புவரை இறங்கிய அந்தத் தாடை கோம்பை கொடுத்தது. தெருநாயாக இருந்திருந்தால் இரண்டு பல் பதிந்ததோடு போயிருக்கும். ஆனால் அந்தத் தாடையை எங்கே வைக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு மனுஷன்.

என் கணவர் இதையெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு சொல்லி முடித்தார். அதற்குப் பிறகு ரத்தம், பிறப்பு என்ற பேச்சே மாமியார் வாயில் வரவில்லை. பத்து நாளும் நாய் நன்றாக இருந்ததால் டாக்டர் ஊசியை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மாமியார் நேராகக் கொய்யா மரத்தடிக்குப் போய், "பொழச்சிக்கினோம்டா, நீயும் நானும்" என்று நாயிடம் சொன்னார். மகனைக் கடைக்கு அனுப்பி ஒரு குடை வாங்கிவரச் சொல்லி, படலுக்குப் பக்கத்தில் மாட்டவைத்தார். மழையில் யார் வந்தாலும் சாக்கை வெளியிலேயே வைத்துவிட்டுக் குடையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர வேண்டும். நாய் கிழடாகிச் சாகும்வரை எங்கள் வீட்டில் அதுதான் சட்டம்.

ஆனால் குழந்தையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. எனக்குக் கேட்கப் பயம். கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்துபோகும். கேட்காதவரை முடியவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கார்த்திகையும் பாதி போய்விட்டது.

ஊருக்குக் கிளம்பும் நாள் வந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கூட நடந்தேன். அனந்தபுரம் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. மாமியார் அதைத் தாண்டிப் போனார்.

"திண்டிவனம் பஸ்சு எங்க நிக்கும்?" என்றார்.

நான் கையைக் காட்டினேன்.

"பாத்துட்டு வர்றேன், அவ்வளவுதான். ஒத்துக்கினேன்னு நெனச்சிக்காத."

வழி முழுக்க அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேண்டாத சாமி இல்லை. குழந்தையின் தலையில் சுழி பார்ப்பாரோ, உள்ளங்காலைப் பார்ப்பாரோ, என்ன சொல்லித் தள்ளிவிடுவாரோ என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே போனேன். வேறொரு குடும்பம் அதற்குள் வாங்கிக்கொண்டு போயிருந்தால் என்கிற பயமும் கூடச் சேர்ந்துகொண்டது.

குழந்தை அங்கேதான் இருந்தது. நர்சம்மா அதைத் தூக்கிவந்து நின்றார். மாமியார் தொடவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். குழந்தை என்னைப் பார்த்தது போலவே அவரையும் முறைத்துப் பார்த்தது. நர்சம்மாவுக்குப் பெரியவர்களோடு பேசிப் பழக்கம் போலிருக்கிறது. அவர்கள் முதலில் என்ன கேட்பார்கள் என்று தெரிந்திருந்தது.

"இதோட அம்மா எந்தப் பக்கம், யாரு இன்னா ஏதுன்னு எனக்குத் தெரியும்மா. கூட வந்த பொம்பள சொல்லிட்டுத்தான் போனாங்க. நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். அவங்க வந்து..."

"வாணாம்மா" என்றார் மாமியார்.

நர்சம்மா நிறுத்திவிட்டு, "பின்னால மனசு கெடந்து அடிச்சிக்கும். தெரிஞ்சிக்கினா நல்லதுதானே?" என்றார்.

"தெரிஞ்சிதுன்னா, இது ஒரு நாளு அடம் புடிச்சா அதான் எனக்குத் தோணும். ஒரு பொய் சொன்னா அதான் தோணும். தோணிச்சின்னா வாய வெச்சிக்கினு சும்மாவும் இருக்க மாட்டேன். என் வாயி எனக்குத் தெரியும். சொல்லிச் சொல்லியே இத்த அப்பிடி ஆக்கிப்புடுவேன். சொல்லாதீங்க."

நர்சம்மா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். மாமியார் கட்டு இன்னும் பிரிக்காத கையை நீட்டி, "குடுங்க, பஸ்சு போயிடும்" என்றார்.